ஆபீஸ் மெயிலைப் போனில் சேர்த்தபோது உங்களுக்கு நடந்தது என்ன?

சேலத்துக்காரி

இங்கே பாதிப் பேராவது ஆபீஸ் மெயிலைச் சொந்தப் போனில் வைத்திருப்பீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இன்றுவரை மனசு ஆறவில்லை.

பழைய கம்பெனியில் சேர்ந்த புதிதில் ஐடி தம்பி என் போனை வாங்கி, எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டின் ஆபீஸ் மெயில் சர்வர்) அக்கவுண்ட், டொமைன், சர்வர் பெயர் எல்லாம் அடித்தார். நடுவில் டிவைஸ் அட்மின் அனுமதி கேட்டு ஒரு திரை வந்தது. முன்னறிவிப்பு இல்லாமல் போனில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் அதிகாரம் என்று அதிலேயே எழுதியிருந்தது. "இது எல்லாருக்கும் வர்றதுதான் மேடம்" என்று சொல்லி அவரே அமுக்கிவிட்டார்.

அப்புறம் வேலையை விட்டேன். ரிலீவிங் லெட்டர் வாங்கிய அன்று சாயங்காலம் டைல்ஸ் கடையில் நிற்கிறேன். வீட்டுப் படத்தைக் காட்டலாம் என்று போனை எடுத்தால் கைக்குள்ளேயே அணைந்து, திரும்ப எழுந்து, "மொழியைத் தேர்ந்தெடுக்கவும்" என்று கேட்கிறது. புதுப் போன் மாதிரி. கடைக்காரர் என்ன டிசைன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், எனக்குக் காதில் விழவில்லை.

போனதில் மற்றதெல்லாம் பரவாயில்லை. அப்போது எங்கள் வீடு கட்டிக்கொண்டிருந்தது. கான்கிரீட் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தூணிலும் கம்பி மேல் டேப் வைத்துப் படம் எடுத்திருந்தேன். 12 எம்எம் பேசி 10 எம்எம் போட்டிருக்கிறார் என்று காண்டிராக்டரோடு தகராறு. கான்கிரீட் போட்ட பிறகு எதை வைத்துப் பேசுவது? மெமரி கார்டில்தான் இருந்தது, அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. மெயிலை எடுக்க வேண்டியது அவர்கள் உரிமை. என் வீட்டுத் தூணை எடுக்க அவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

அஞ்சல்காவலன்

சகோதரி, படித்ததும் வருத்தமாக இருந்தது. நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன், அந்தப் பக்கம் என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். ரிமோட் வைப், அதாவது தூரத்திலிருந்தே போனை அழிக்கும் கட்டளை கொடுத்தால் சர்வர் உங்கள் போனைத் தேடி வராது. போன் அடுத்த முறை மெயில் கேட்டு வரும்போது 'உன்னை அழித்துக்கொள்' என்று பதில் போகும், போனே அதைச் செய்யும். மெமரி கார்டையும் சேர்த்து அழிப்பது அந்தக் கட்டளையிலேயே உண்டு. போனும் எக்ஸ்சேஞ்சும் பேசிக்கொள்ளும் ஆக்டிவ்சிங்க் முறையில் 16.1 பதிப்பு வந்த பிறகுதான் 'அக்கவுண்ட் மட்டும்' அழிக்கும் வசதி வந்தது. போனோடு வரும் மெயில் ஆப்புக்குப் பதில் அவுட்லுக் ஆப்பில் சேர்த்திருந்தால் அந்த ஆப்புக்குள் இருக்கும் மெயில், காலண்டர், காண்டாக்ட் மட்டும்தான் போயிருக்கும்.

என் விஷயம் வேறு. ஆபீஸில் எல்லார் போனிலும் மெயில் வருகிறது, எம்டி போனில் மட்டும் வராது. அதே வைஃபை, அதே மாடல் போன், பாஸ்வேர்டும் சரி. அவர் கேபினில் நின்றபடி அக்கவுண்டை அழித்து அழித்துச் சேர்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் 'சரிபார்க்கிறது' என்று சுற்றி, டிக் எல்லாம் விழுந்து, இன்பாக்ஸ் காலியாக நிற்கும். அவர் ஒன்றும் சொல்லாமல் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

காரணம் இதுதான். எனக்கு முன்னால் இருந்த யாரோ அவர் அக்கவுண்டை, ஆபீஸ் நெட்வொர்க் முழுவதையும் நிர்வகிக்கும் 'டொமைன் அட்மின்' குழுவில் சேர்த்திருக்கிறார்கள். முதலாளி என்றால் எல்லா அதிகாரமும் இருக்க வேண்டும் என்று நினைத்தார்களோ என்னவோ. அந்தக் குழுவில் இருப்பவர்களின் அக்கவுண்டுக்கு மேலிருந்து வரும் அனுமதிகளை விண்டோஸ் துண்டித்து வைக்கும். புதுப் போனைப் பதிவு செய்ய எக்ஸ்சேஞ்சுக்கு அந்த அனுமதி தேவை. மேலிருந்து அனுமதி வரட்டும் என்ற இன்ஹெரிடன்ஸ் டிக்கைப் போட்டதும் மெயில் கொட்டியது. ஆனால் 60 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வேலை ஓடி அந்த டிக்கை எடுத்துவிடும். அடுத்து அவர் போன் மாற்றியபோது மறுபடி அதே கதை. கடைசியில் அவரைக் குழுவிலிருந்து எடுத்தோம், நிர்வாக வேலைக்கென்று தனி அக்கவுண்ட் வைத்தோம். ஒருத்தருக்கு மட்டும் வரவில்லை என்றால் போனைக் குடையாதீர்கள், முதலில் அவர் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று பாருங்கள்.

நூல்கண்டு

திருப்பூர், ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பாஸ்வேர்டு மாற்றச் சொல்லி மெயில் வந்தது, மாற்றினேன். அன்றிலிருந்து அக்கவுண்ட் பூட்டிக்கொள்ள ஆரம்பித்தது. ஐடிக்குப் போன் செய்தால் திறந்துவிடுவார்கள், டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி பூட்டு. பையரிடமிருந்து சாம்பிள் அப்ரூவல் வரவேண்டிய நேரம் வேறு. யாரோ உங்கள் ஐடியை ஹேக் செய்கிறார்கள் என்று ஒருத்தர் பயமுறுத்திவிட்டார். இரவில் தூக்கம் இல்லை.

ஒருநாள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அம்மா என் பழைய போனில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "கண்ணு, இது என்னமோ பாஸ்வேர்டு கேட்டுக்கிட்டே இருக்கு, நான் மூடி மூடி விடறேன், மறுபடி வருது" என்றார். வாங்கிப் பார்த்தால் என் ஆபீஸ் மெயில்! பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு அந்தப் போன் விடாமல் கதவைத் தட்டியிருக்கிறது. குறிப்பிட்ட தடவைக்கு மேல் தவறினால் சர்வர் பூட்டிவிடும், அவ்வளவுதான் விஷயம். யார், எதிலிருந்து வந்தார்கள் என்று சர்வர் எழுதி வைக்கும் பதிவில் போன் மாடல்கூடத் தெரியுமாம், ஐடியில் யாரும் அதைத் திறந்தே பார்க்கவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

கரிசல்

அஞ்சல்காவலன், ஒன்று கேட்கிறேன். 'அக்கவுண்ட் மட்டும்' என்று வசதி இருக்கிறது, சரி. அழிக்கும் பொத்தானை அமுக்குகிறவருக்கு அது தெரிய வேண்டாமா? தொழில்நுட்பம் நல்லதுதான், ஆள்தான் சரியில்லை என்று சொல்வது போல இருக்கிறது உங்கள் பதில். அந்த அம்மாவுக்குத் தூண் படம் திரும்பி வரவில்லையே.

எனக்கு நடந்தது பெரிதாக ஒன்றுமில்லை. ஆபீஸ் மெயிலைச் சேர்த்ததும் போனுக்கு ஆறு இலக்க பின் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தியது, ஸ்கிரீன் ஒரு நிமிடத்தில் பூட்டிக்கொண்டது. என் போனில் என் பூட்டை ஆபீஸ் தீர்மானிக்கிறதே என்று அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

எல்லாருக்கும் ஒன்று சொல்கிறேன். ஐடி வந்து போனைக் கேட்டால் கொடுக்காதீர்கள், நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு திரையையும் படித்து நீங்களே அமுக்குங்கள். டிவைஸ் அட்மின் என்று வந்தால் அங்கேயே நிறுத்தி, 'ஒர்க் புரொஃபைல் இருக்கிறதா?' என்று கேளுங்கள், ஆபீஸ் ஆப்களைப் போனில் தனிப் பகுதியாகப் பிரித்து வைப்பது அது. ஆண்ட்ராய்டில் 2014ல் வந்த 5.0 பதிப்பிலிருந்தே அது உண்டு. ஆபீஸ் ஆப்களின் மேல் சின்னப் பெட்டிப் படம் இருக்கும், ஆபீஸ் அழித்தால் அந்தப் பகுதி மட்டும் போகும், உங்கள் கேலரியை அவர்களால் பார்க்கவும் முடியாது. ஐபோனில் 2019ல் வந்த ஐஓஎஸ் 13 முதல் சொந்தப் போனுக்கென்று தனிப் பதிவு முறை இருக்கிறது. அப்புறம், வேலையை விடும் நாளில் எச்ஆருக்குக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே ஆபீஸ் அக்கவுண்டை நீங்களே போனிலிருந்து எடுத்துவிடுங்கள். அக்கவுண்டே இல்லாத போன் சர்வரிடம் போகாது, போகாத போனுக்கு அழிக்கும் கட்டளையும் வராது. எடுத்ததை ஐடிக்கு மெயிலில் எழுதி, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். புது ஆள்களைச் சேர்க்கும்போது கையெழுத்து வாங்கும் காகிதக் கட்டில் 'போனை முழுதாக அழிக்க ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு வரி இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். இதையெல்லாம் விட நல்லது, சொந்தப் போனில் ஆபீஸ் மெயிலே வேண்டாம். மெயில் வேண்டுமென்றால் கம்பெனி போன் கொடுக்கட்டும்.

அஞ்சல்காவலன்

ஆள் சரியில்லை என்று நான் சொல்லவில்லை. முழுப் போனையும் அழிக்கும் பொத்தான் சொந்தப் போனுக்கு இருக்கவே கூடாது என்பதுதான் என் கருத்தும். எங்கள் ஆபீஸில் நான் அதை விடாமல் பேசி, எழுத்தில் வாங்கியிருக்கிறேன். ஆனால் பின் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். போன் ஆட்டோவில் தொலைந்தால் அதில் இருப்பது உங்கள் மெயில் மட்டுமில்லை, வாடிக்கையாளரின் ஒப்பந்தமும்தான்.

தெற்குமாசி

கரிசல் அண்ணே, 'கம்பெனி போன் கொடுக்கட்டும்' என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். நான் மருந்து விற்பனை. எங்களுக்குப் பெட்ரோல் பில்லே மூன்று கையெழுத்து வாங்கித்தான் வரும்.

என் கதை: மெயில் வருகிறது, ஆனால் நான் ஆப்பைத் திறந்தால்தான் வருகிறது. மேலூரில் ஒரு ஸ்டாக்கிஸ்ட் கடை வாசலில் வண்டியை நிறுத்துகிறேன். உள்ளே போனால் அவர், "தம்பி, காலையிலேயே உங்க ஆபீஸ்ல ரேட் மாத்தியாச்சே, நீ பழைய ரேட்ட சொல்ற" என்று தன் போனில் மெயிலைக் காட்டுகிறார். என் கம்பெனி மெயிலை அவர் எனக்குக் காட்டுகிறார். எனக்கு முகமே செத்துப்போனது.

அப்புறம்தான் புரிந்தது. மெயில் உடனுக்குடன் வருவதற்குப் போன் சர்வரிடம் ஒரு கேள்வியை அனுப்பிவிட்டு இணைப்பை மூடாமல் காத்துக்கொண்டிருக்கும், புது மெயில் வந்ததும் சர்வர் பதில் சொல்லும். என் போன் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று மெயில் ஆப்பைத் தூங்க வைத்துவிட்டது. காத்திருக்க ஆளே இல்லை. பேட்டரி செட்டிங்கில் அந்த ஆப்புக்கு மட்டும் 'கட்டுப்பாடு இல்லை' என்று மாற்றி, ஆட்டோஸ்டார்ட்டையும் இயக்கியதும் சரியாகிவிட்டது. நடுவில் இருக்கும் ஃபயர்வால் சும்மா இருக்கும் இணைப்பைச் சீக்கிரம் வெட்டிவிட்டாலும் இதே மாதிரி ஆகுமாம். அது ஐடி பார்க்க வேண்டியது.

குடமுருட்டி

எங்கள் சொந்த சர்வர். லேப்டாப்பில் வெப்மெயிலைத் திறந்தால் பூட்டுப் படம் ஒழுங்காக வரும், ஆண்ட்ராய்டில் மட்டும் 'சான்றிதழ் நம்பகமானதல்ல'. இது நம் சர்வர்தான் என்று காட்டும் சான்றிதழை மட்டும் ஏற்றி, அதை நம்பகமான நிறுவனத்தோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழை விட்டுவிட்டார்கள். விண்டோஸ் அதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும், ஆண்ட்ராய்டு தேடாது. அதைச் சேர்த்ததும் தீர்ந்தது. அதுவரை மூன்று பேர் 'எல்லாச் சான்றிதழையும் ஏற்றுக்கொள்' என்ற டிக்கைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரயில்வே ஸ்டேஷன் வைஃபையில் நடுவில் யார் உட்கார்ந்திருந்தாலும் பாஸ்வேர்டு அவர் கைக்குப் போய்விடும்.

பொன்னி

2022 அக்டோபர் யாருக்காவது நினைவிருக்கிறதா? வெறும் பெயரும் பாஸ்வேர்டும் அனுப்பி உள்ளே போகும் பழைய முறையை, மைக்ரோசாஃப்டே இணையத்தில் நடத்தும் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் அந்த மாதம் 1ஆம் தேதி முதல் ஒவ்வொரு நிறுவனமாக நிறுத்த ஆரம்பித்தார்கள். ஆபீஸில் மூத்த மேனேஜர் ஒருத்தர், இன்னும் சில மாதத்தில் ஓய்வு. அவர் போனில் 'பாஸ்வேர்டு தவறு' என்று வருகிறது. கண்ணாடியைக் கழற்றி, போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே அடிக்கிறார். சரியாகத்தான் அடிக்கிறார். அதே பாஸ்வேர்டு கம்ப்யூட்டரில் போகிறது. "எனக்கு மறதி வந்துடுச்சாம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை. தவறு பாஸ்வேர்டில் இல்லாதபோது பாஸ்வேர்டு தவறு என்று ஏன் ஒரு திரை சொல்ல வேண்டும்?

"இல்லை சார், போன் பழைய வழியில் கேட்கிறது" என்று அக்கவுண்டை எடுத்துவிட்டுத் திரும்பச் சேர்த்தேன். இந்த முறை கம்பெனி லோகோவோடு லாகின் பக்கம் திறந்தது, புது முறைக்கு அதுதான் அடையாளம். இடையில் அவர் காண்டாக்ட்ஸ் மொத்தமும் காணோம், பேத்தி நம்பர் உள்பட. எல்லாம் எக்ஸ்சேஞ்ச் அக்கவுண்டுக்குள் சேமித்தவை. சிங்க் ஓடி முடிந்ததும் திரும்ப வந்துவிட்டன. உங்கள் போனில் புது நம்பர் எந்த அக்கவுண்டில் சேர்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

நூல்கண்டு

பொன்னி அக்கா, அதைப் படித்துவிட்டு இப்போதுதான் பார்த்தேன். என் வீட்டு நம்பர் எல்லாம் ஆபீஸ் அக்கவுண்டில்தான் இருக்கிறது, மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. எங்கள் டீமுக்குப் பொதுவான ஒரு ஷிப்பிங் மெயில்பாக்ஸ் இருக்கிறது, எனக்கு அனுமதி உண்டு. போனோடு வந்த மெயில் ஆப்பில் அது வரவே இல்லை. அவுட்லுக் ஆப்பில் 'ஷேர்டு மெயில்பாக்ஸ்' என்று சேர்த்தால் வரும் என்கிறார்கள். செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அதற்கும் புது மெயில் நோட்டிபிகேஷன் வருகிறதா?