ஒரே ஒரு முன்பல் மட்டும் கறுத்தது ஏன்?

நாங்க கடலூர் முதுநகர். பையன் ஏழாவது படிக்கும்போது சில்வர் பீச்ல விழுந்து முன்பல்லில் அடிபட்டது. ரத்தம் நின்னுடுச்சு, பல்லும் ஆடல. அதோட விட்டுட்டோம். ஒரு வருஷம் கழிச்சு அந்தப் பல் மட்டும் சாம்பல் நிறமாச்சு. ஒழுங்கா பல் துலக்கலன்னு அவனைத் திட்டினேன். வீட்ல பெரியவங்க சொன்னாங்கன்னு உமிக்கரியும் உப்பும் கொடுத்து மூணு மாசம் தேய்க்க வச்சேன். கறுப்பு போகல. ஆனா பச்சத்தண்ணி பட்டாலே மத்த பல்லெல்லாம் கூச ஆரம்பிச்சது.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பல் டாக்டர், "உள்ள நரம்பு செத்துப்போச்சும்மா, மேல தேய்ச்சு என்ன பண்றது?"ன்னு கேட்டாங்க. அடிபட்டப்போ உள்ள கசிஞ்ச ரத்தம் பல்லுக்குள்ளயே ஊறினதால வந்த நிறமாம். வேர் சிகிச்சை பண்ணி, பல்லுக்குள்ள வெளுக்குற மருந்து வச்சு அடைச்சு, ஒவ்வொரு வாரமும் மாத்தினாங்க. மூணாவது வாரம் பக்கத்துப் பல்லோட நிறத்துக்கு வந்துடுச்சு. உமிக்கரியில தேஞ்ச எனாமல், அதாவது பல்லோட மேல் பூச்சு மட்டும் திரும்ப வளராதாம். அதை நினைச்சா இன்னும் மனசு ஆறல.

முத்தியால்பேட்டையிலிருந்து: அக்கா, நான் பிறந்து வளர்ந்தது தருமபுரி பக்கம். போர் தண்ணிதான் குடிச்சோம். முன்பல் எல்லாத்துலயும் பழுப்புத் திட்டு. புதுச்சேரிக்கு வேலைக்கு வந்தப்போ புகையிலை போடுறியான்னு கேட்காதவங்க இல்ல. காரணம் அந்தத் தண்ணியில அதிகமா இருந்த ஃப்ளூரைடுங்கிற உப்பு. குடிதண்ணியில அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எட்டு வயசுக்குள்ள, பல் உள்ளே உருவாகும்போதே அதிகமாப் போனா இப்படி ஆகும். அம்மா தினம் கொதிக்க வச்சுத்தான் கொடுப்பாங்க. கொதிச்சா தண்ணி சுண்டும், ஃப்ளூரைடு அப்படியே இருக்கும்னு அப்போ யாரும் சொல்லல. எனக்கு மேல்பரப்பை லேசா மருந்து போட்டுத் தேய்ச்சு எடுத்து, ஆழமா இருந்த இடத்துல பல் நிறத்துலயே பூசினாங்க. இப்போ வாயை மூடாம சிரிக்கிறேன்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: எங்க பாப்பாவுக்கு ஈறு ஓரமா கறுப்புக் கோடு விழுந்தது. சொத்தைன்னு பயந்து போனோம். ரத்தசோகைக்குக் கொடுத்த இரும்புச்சத்து டானிக்தான் காரணம். டாக்டர் பாலிஷ் பண்ணதும் போயிடுச்சு. மருந்தை நிறுத்தாதீங்க, ஸ்ட்ரா வச்சுக் குடிக்க வச்சு வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கன்னாங்க.

முதுநகர்: ரொம்ப நன்றிம்மா. என் தங்கச்சி மகளுக்கும் அந்த டானிக்தான் கொடுக்குறாங்க. பல்லு கறுக்குதுன்னு போன வாரம்தான் நிறுத்திட்டா. இப்பவே போன் பண்றேன்.