அம்மாவின் கிளினிக் கொப்பியும் வாசலுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தரும்

யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து ஒரு மகள்:

எனது அம்மாவுக்கு வயது 71. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அவருக்கு நீரிழிவும் உயர் குருதி அழுத்தமும் இருக்கின்றன. மாதாந்தக் கிளினிக் நாளன்று விடியற்காலையில் வெறும் வயிற்றோடு ஓட்டோவில் புறப்பட்டு, நம்பர் எடுத்து, இரத்தம் கொடுத்து, வைத்தியரைக் கண்டு, மருந்துத் துண்டோடு மருந்து கொடுக்கும் இடத்தை அடையும்போது மதியமாகிவிடும். நான் வீட்டில் தையல் வேலை செய்பவள் என்பதால் அன்றைய உழைப்பு இல்லாமற்போகும். ஆயினும் மருந்து இலவசமாகக் கிடைக்கிறதே என்ற நன்றியுணர்வில் நாங்கள் ஒரு நாளும் முறைப்பட்டதில்லை.

கடந்த ஆண்டு எனக்குப் பிள்ளை பிறந்து நான்காம் நாள், எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். குழந்தையின் தொப்புளையும் எனது பிரசவத் தையற்காயத்தையும் பார்த்து, பால் கொடுக்கும் முறையையும் சரிபார்த்துவிட்டுப் புறப்பட்டவர், திண்ணையில் இருந்த அம்மாவின் காலில் சுற்றியிருந்த பழைய சீலைத் துண்டைக் கண்டு நின்றார். அவிழ்க்கச் சொன்னார். பெருவிரலின் அடியில் புண் கறுத்துப் போயிருந்தது. அம்மாவுக்கு நோவே இருக்கவில்லை. நீண்டகால நீரிழிவு பாதத்து நரம்புகளை மரக்கச் செய்துவிடும் என்பதை நாங்கள் அன்றுதான் அறிந்தோம். அவர் எழுதித் தந்த கடிதத்தோடு அன்று மாலையே அம்மாவை வைத்தியசாலையில் சேர்த்தோம். இன்னும் ஒரு வாரம் கழிந்திருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று வைத்தியர் சொன்னார்.

கிளினிக் கொப்பி முழுவதும் சீனியின் அளவும் அழுத்தத்தின் அளவும் தவறாமல் எழுதப்பட்டுள்ளன. செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்த்ததாக ஒரு வரி கூட இல்லை. அவ்வளவு சனத்துக்குள் ஒரு வைத்தியரால் அதைச் செய்ய இயலாது என்பதும் எனக்குப் புரிகிறது. என் மனதை அரிப்பது இதுதான்: அந்த உத்தியோகத்தர் வந்தது எனக்காகவும் குழந்தைக்காகவுமே தவிர, அம்மாவுக்காக அல்ல. வீட்டில் பிள்ளை பிறந்திராவிட்டால் அந்தப் புண்ணை யார் கண்டிருப்பார்கள்?

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர்:

தங்கச்சி, உங்கள் கேள்வி என்னை இரவு முழுவதும் நித்திரை கொள்ள விடவில்லை. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலத்திலிருந்து, நோயாளி வரும்வரை காத்திராமல் வீடு தேடிச் செல்வதே எங்கள் சேவையின் அடிப்படையாக இருந்து வந்திருக்கிறது. கர்ப்பிணிகளின் பெயர்கள் எங்கள் பதிவேட்டில் இருக்கும். பிள்ளை பிறந்து முதல் பத்து நாட்களுக்குள் இரண்டு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும். போகாவிட்டால் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டும். நீரிழிவோடு வீட்டில் இருக்கும் ஒரு முதியவருக்காக அப்படிப் பதில் சொல்ல வேண்டியவர் எவரும் இல்லை.

2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் இயங்குகின்றன. 35 வயதைக் கடந்தவர்கள் அங்கே சீனியையும் அழுத்தத்தையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டு, காலையில் மீனை விற்று, பகலில் படுத்துறங்கும் ஒருவர் எந்த நேரத்தில் அங்கே போவார்? நான் கரையோரப் பகுதியொன்றில் கடமையாற்றியபோது, பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு சேர்ந்து கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் ஒரு பின்னேரம் பரிசோதனை நடத்தினோம். கிளினிக் பக்கமே எட்டிப் பாராத ஆண்கள் வரிசையில் நின்றார்கள். தமக்கு அழுத்தம் இருப்பதை அன்றுதான் முதன்முதலாக அறிந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

இந்த வேலையையும் குடும்பநல உத்தியோகத்தரின் தலையில் சுமத்தக் கூடாது. தாய்மாருக்கே நேரம் போதாமல் ஓடியவள் நான். முதியோருக்கென்று தனியான பதிவேடும், அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக நடக்கப் பயிற்றப்பட்ட ஒருவரும் வேண்டும்.

மீண்டும் குருநகரிலிருந்து:

நன்றி அக்கா. அம்மாவின் புண் ஆறிவிட்டது. ஒவ்வொரு இரவும் அவருடைய பாதத்தின் கீழ் சிறிய கண்ணாடி ஒன்றைப் பிடித்துப் பார்க்கிறேன். இதைக் கண்ட பக்கத்து வீட்டு ஐயாவும் நேற்றுத் தம் காலை நீட்டினார். இடது குதிக்காலில் ஆழமான வெடிப்பு ஒன்று இருக்கிறது; நாளை காலை அவரையும் அழைத்துச் செல்கிறேன்.