காருட் ஏரி ஓவியத்தை அடையாளம் காண உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். நெதர்லாந்தில் பழம்பொருள் சந்தை ஒன்றில் வாங்கிய, கையொப்பமில்லாத எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்றின் பின்புறச் சட்டத்தில், மேற்கு ஜாவாவின் காருட் நகரப் பெயர் பழைய டச்சு முறையில் பென்சிலால் எழுதப்பட்டுள்ளது. முன்னால் உள்ள ஏரி சித்து பகெண்டிட் என்றும், பின்னால் கூம்பாக எழுவது 2,821 மீட்டர் உயரமுள்ள சிக்குராய் என்றும், அதன் வலப்புறம் மொட்டையாகத் தெரிவது 1847 வரை பலமுறை வெடித்த குந்தூர் என்றும் கருதுகிறேன்.

ஆனால் ஏரிக்கு ஏறத்தாழத் தெற்கிலும் மேற்கிலும் உள்ள இவ்விரு எரிமலைகளும் ஒரே பார்வையில் இவ்வளவு நெருக்கமாகத் தெரியுமா? மலை, தென்னை, வயல் என ஒரே வாய்பாட்டில் வரைகிறார்கள் என்று இந்தோனேசிய ஓவியர் சுஜோயோனோ சாடிய 'மோய் இந்தியே' (டச்சு மொழியில் 'அழகிய இண்டீஸ்') என்ற டச்சுக் காலனிக்கால இயற்கைக்காட்சிப் பாணியினர் காட்சியழகுக்காக மலைகளை நகர்த்தியிருக்கவும் கூடும். எனக்கு அந்த ஐயமே வலுவாக உள்ளது. பண்டுங், காருட் பகுதிகளில் வசிப்போர் ஏரிக்கரையிலிருந்து எடுத்த படங்களைப் பகிர்ந்தால் மிகவும் உதவியாக இருக்கும். கித்தானையும் ஆணிகளையும் கொண்டு காலத்தைக் கணிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால், பின்புறப் படங்களை அனுப்புகிறேன்.