தனியா ஒரு நாள் ஆஃப்ரோடு: மேலூர் பக்கம் பழைய குவாரி மலைகளுக்குப் போகலாமா?

பள்ளத்தூர் ரைடர்:
அண்ணே வணக்கம், ஊரு பள்ளத்தூர், எக்ஸ்பல்ஸ் பைக் எடுத்து ஏழு மாசமாச்சு, இதுவரைக்கும் கண்மாய்க் கரை, செம்மண் பாதைன்னுதான் ஓட்டிருக்கேன். வர்ற ஞாயித்துக்கிழமை விடியக்காலைல கிளம்பி குன்றக்குடி, திருப்பத்தூர் வழியா கீழவளவு, அங்க 2012ல மூடுன கிரானைட் குவாரிகளப் பாத்துட்டு அரிட்டாபட்டி, திரும்பும்போது சிங்கம்புணரி வந்து பிரான்மலை அடிவாரம், இருட்டுறதுக்குள்ள வீடு. கூட வர்றேன்னவனுக்கு வேலை வந்துருச்சு, தனியாத்தான் போறேன். குவாரிப் பள்ளத்துக்குள்ள லாரி இறங்குன சரிவுப் பாதை, அந்த ரேம்ப்ல பைக்க இறக்கலாமா? டயர்ல காத்து எவ்வளவு வைக்கலாம்? அம்மா வேற ரொம்ப பயப்படுறாங்க.

கல்லுக்காரன்:
தம்பி, நான் அந்தப் பக்கம் ஒரு குவாரில ஆறு வருசம் கல்லுல துளை போடுற ஜாக்ஹாமர் பிடிச்சவன், அதனால சொல்றேன், ரேம்ப்ல இறங்காத. நம்ம கண்மாய்னா கரையிலருந்து கொஞ்சம் கொஞ்சமா ஆழமாகும், குவாரிப் பள்ளம் அப்படி இல்ல, படிக்கட்டு மாதிரி பெஞ்ச் பெஞ்சா அறுத்துருப்போம், ரேம்ப் தண்ணிக்குள்ள போன எடத்துக்கு அப்புறம் அடுத்த பெஞ்ச் பத்தடி கீழயா முப்பதடி கீழயான்னு மேல நிக்கிறவனுக்குத் தெரியவே தெரியாது, தண்ணி பச்சையா கண்ணாடி மாதிரி கிடக்கும், இறங்கிக் குளிக்கலாமான்னு தோணும். வேண்டாம். இன்னொன்னு, விளிம்புல ரெண்டு விரல் போற அளவுக்கு வரிசையா ஓட்டை தெரிஞ்சா அது பிரிக்கிறதுக்குத் துளை போட்டுட்டு எடுக்காம விட்ட கல்லு. அதுமேல வண்டி என்ன, காலக்கூட வைக்காத. கழிவுக் கல்லு மேடும் அப்படித்தான், ஒரு கல்லு நகண்டா மொத்தமும் வரும்.

தேவகோட்டை புல்லட்:
டயருக்கு வர்றேன். தார் ரோட்டுல வழக்கமா வைக்கிற காத்தே இருக்கட்டும், மண்ணுல இறங்குறப்ப நாலஞ்சு பிஎஸ்ஐ குறைச்சாப் போதும், அதுக்கு மேல குறைச்சா கல்லுல ஏறுறப்ப ட்யூப் நசுங்கி ஓட்டையாகும். ஸ்போக் வீல்ங்கிறதால முன்னுக்கும் பின்னுக்கும் ட்யூப், டயர் கழட்டுற லீவர், கைப்பம்பு கட்டாயம்.
எனக்கு நடந்ததச் சொல்றேன். குவாரில கம்பி ரம்பத்துல கல்லு அறுத்த தண்ணி வடிஞ்சு தேங்குன சேறு, மேல காஞ்சு வெள்ளையா வெடிச்சுக் கிடந்துச்சு, சிமெண்டுத் தரைன்னு நெனச்சு ஏத்திட்டேன், முன் சக்கரம் அச்சு வரைக்கும் உள்ள போயிருச்சு. வண்டி காலு மேல சாஞ்சு, சைலன்சர் சூடு பேண்ட்ட தாண்டிச் சுடுது, போன்ல சிக்னல் இல்ல. ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த ஒரு அக்காதான் சத்தம் கேட்டு ஓடி வந்து தூக்கிவிட்டாங்க, அவங்க அன்னிக்கு அந்தப் பக்கம் வரலைன்னா நெனச்சுப் பாக்கவே முடியல. தனியா ரோட்டுல போ தம்பி, குவாரிக்குள்ள தனியா போகாத.

சிங்கம்புணரி அண்ணன்:
அரிட்டாபட்டி 2022லருந்து பல்லுயிர் பாரம்பரியத் தலம், பாறை மேலயெல்லாம் பைக் ஏத்தக் கூடாது, கழுகும் வல்லூறும் கூடு கட்டுற எடம். டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம்னு ஊரே திரண்டு நின்னு 2025 ஜனவரியில ஏலத்த ரத்து பண்ண வச்ச சனம், நாங்க போனப்ப டீக்கடையில மொத கேள்வியே "எந்த கம்பெனி தம்பி"ன்னுதான். ஊரச் சொல்லி, மலையப் பாக்க வந்தோம்னு சொன்னதும் ஒரு பெரியவரே கூட நடந்து வந்தாரு.
கீழவளவுல குவாரிய விட பஞ்சபாண்டவர் மலையப் பாரு. சமணத் துறவிங்க தங்குன கல்லுப் படுக்கைக்கு மேல தமிழி எழுத்து, அதான் பழங்காலத் தமிழ் எழுத்து, தலைகீழா வெட்டிருக்கு, தொண்டியச் சேந்த ஒருத்தர் குடுத்த பள்ளின்னு, அதாவது துறவிங்க தங்குற எடம்னு சொல்லுது. நம்ம தொண்டிதான்! ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி கடற்கரையிலருந்து இவ்வளவு தூரம் வந்துருக்காரு. சுத்தி இருந்த குன்றெல்லாம் வெட்டுப்பட்டுக் கிடக்கையில அந்த எழுத்து தப்பிச்சு நிக்கிறதப் பாத்து எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு.

பள்ளத்தூர் ரைடர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிண்ணே. ரேம்ப் வேண்டாம், வெளிய நின்னு பாத்துக்கறேன். எந்தெந்த ஊரு எத்தன மணிக்குன்னு பேப்பர்ல எழுதி அம்மாகிட்ட குடுத்துட்டேன், ஒவ்வொரு ஊருலயும் டீக்கடையிலருந்து போன் பண்றேன்னு சொல்லிருக்கேன். புல்லட் அண்ணே, அடுத்த மாசம் நீங்க வர்றதா இருந்தா குவாரி உள்பாதைய அப்பப் பாப்போம்.