ஷோபினின் டி ஃபிளாட் பிரிலூட்: பதிவில் துருத்தும் ஏ ஃபிளாட்

கேள்வி:
ஷோபினின் ஓப்பஸ் 28-இல் பதினைந்தாவதாக வரும் டி ஃபிளாட் மேஜர் பிரிலூட் என்ற சிறு பியானோ உருப்படியை, பலரும் மழைத்துளி என்று அழைப்பதை, ஓரளவு தடங்கலின்றி வாசிக்கிறேன். ஆனால் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டால், தொடக்கத்தில் இடக்கை திரும்பத் திரும்பத் தட்டும் ஏ ஃபிளாட் என்ற சுரம், மெட்டை மீறித் துருத்திக்கொண்டு நிற்கிறது. நடுப்பகுதியின் உச்சமோ, வாசிக்கும்போது அறையே அதிர்ந்தாலும், பதிவில் சப்பென்று இருக்கிறது. என்னுடையது அப்ரைட் பியானோ (கம்பிகள் செங்குத்தாக நிற்கும் வகை). கோளாறு கையிலா, கருவியிலா, பதிவிலா?

மறுமொழி 1:
முதல் சிக்கலில் கருவிக்கும் பங்கு உண்டு. பியானோ தயாரிப்பாளர் எரார் 1821-இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்த ஏற்பாடு கம்பிகள் கிடையாக உள்ள கிராண்ட் பியானோவில் இருப்பதால், கட்டை முழுவதும் மேலே வருமுன்பே சுத்தியலை மறுபடி இயக்கலாம்; அப்ரைட்டில் பெரும்பாலும் அந்த வசதி இல்லை, கட்டை நன்றாக எழும்பிய பிறகுதான் அடுத்த தட்டு ஒலிக்கும். மெல்லத் தட்டினால் ஒலி விட்டுப்போகுமோ என்ற பயத்தில் விரல் தானாகவே அழுத்தத் தொடங்குகிறது. விரலைக் கட்டையிலிருந்து பிரிக்காமல், கட்டையோடு சேர்ந்தே எழவிட்டு இறக்குங்கள். ஏ ஃபிளாட்டை அடியோடு விட்டுவிட்டு மெட்டையும் அடிச்சுரத்தையும் மட்டும் சில நாள் வாசித்து, அந்த ஒலி காதில் பதிந்த பிறகு அதைச் சேருங்கள்.

மறுமொழி 2:
உச்சம் அமுங்குவதற்குக் உரத்த ஒலியைக் குறைத்து மெல்லியதை உயர்த்தும் கைப்பேசியின் தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாடே காரணமாக இருக்கக்கூடும். மெட்டின் நீண்ட சுரம் தேயும் வேளையில் அது ஒலியைத் தூக்கிவிடுவதால் ஏ ஃபிளாட்டும் கூடவே முன்னே வரும். அதை அணைக்க வழிதரும் செயலியில், நடுப்பகுதியின் ஃபோர்ட்டிசிமோவை, அதாவது மிக உரத்த இடத்தை, முதலில் வாசித்துப் பார்த்து, உச்சம் செயலியின் அளவுகாட்டியில் மைனஸ் 6 டெசிபலைத் (பூஜ்யமே அதன் உச்சவரம்பு) தாண்டாதபடி அளவை நிறுத்துங்கள். 24 பிட் நுணுக்கத்தில் பதிந்தால், தொடக்கம் மெலிதாக விழுந்தாலும் பின்னர் முழுப் பதிவையும் சேர்த்தே உயர்த்திக்கொள்ளலாம்.

மறுமொழி 3:
பழி முழுவதையும் கைப்பேசியின் மேல் நான் போடமாட்டேன். நடுப்பகுதி சி ஷார்ப் மைனருக்கு மாறும்போது, அதே கட்டை ஜி ஷார்ப் என்ற பெயரில் வலக்கைக்குப் போக, மெட்டு இடக்கையின் அடியாழத்துக்கு இறங்குகிறது. அங்கே ஷோபின் கேட்பது சோட்டோ வோச்சே, அதாவது அடங்கிய மெல்லொலி. ஆனால் அந்த இருண்ட தொனியில் மயங்கி எடுத்த எடுப்பிலேயே உரக்க வாசிப்பவர்களே அதிகம், அதன்பின் ஏறுவதற்கு இடம் ஏது? கட்டுப்பாட்டை அணைத்துப் பதிந்தபின், அந்தத் தொடக்கத்தையும் உச்சத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். அப்போதும் வேறுபாடு தெரியாவிட்டால், உச்சத்தை முடுக்காமல் தொடக்கத்தைக் குறையுங்கள்.