பழைய சூப்பர் ஹீரோ காமிக்ஸ்: துருப்பிடித்த பின்னை என்ன செய்வது?

நண்பர்களே, ஒரு உதவி. 1970-களில் வந்த ஸ்பைடர்மேன், பேட்மேன் இதழ்கள் கொஞ்சம் வைத்திருக்கிறேன். நியூஸ்பிரிண்ட் தாள்தானே, ஓரமெல்லாம் பழுத்துவிட்டது, ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் கறை இறங்கியிருக்கிறது. பின்னைக் கழற்றி வேறு போடலாமா, அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லதா? பிவிசி உறை நாளாக ஆகத் தாளைக் கெடுக்கும் என்பதால் மைலார் (பாலியஸ்டர் பிளாஸ்டிக்) உறையும் அமிலமில்லாத அட்டையும் வாங்கலாம் என்றிருக்கிறேன், பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

ஸ்கேன்தான் கிடைக்கிறதே என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்! அந்தப் புள்ளி புள்ளி வண்ணம், கோட்டைத் தாண்டி வழியும் சிவப்பு, எக்ஸ்ரே கண்ணாடி விளம்பரம், கடிதப் பக்கத்தில் வாசகர்கள் போடும் சண்டை, இதெல்லாம் பளபள மறுபதிப்பில் ஏது? அப்புறம், ஓர் இதழின் அட்டையில் பழைய செல்லோடேப் இருக்கிறது, உரிக்கலாமா?