ஏற்காடு மலைப்பாதை: அல்சர் வயிற்றுக்காரருக்குக் குமட்டலை அடக்க வழி?

கடலூரிலிருந்து விருத்தாசலம், சேலம் வழியாக ஏற்காடு. அடுத்த வாரம் கிளம்புகிறோம். வண்டி டிசையர். அம்மாவுக்கு வயது 58, பழைய அல்சர். தினமும் காலையில் வெறும் வயிற்றில் பேன்டோபிரசோல் 40 (அமிலம் குறைக்கும் மாத்திரை). சர்க்கரை, பிரஷர் இல்லை.

சேலம் வரை பெரிய தொந்தரவு இருக்காது. அடிவாரம் தாண்டி நாலைந்து கொண்டை ஊசி வளைவுக்குள் எச்சில் ஊறும், கொட்டாவி, குளிர்ந்த வியர்வை, பிறகு வாந்தி. மொத்தம் 20 வளைவு! சாப்பிடாமல் ஏறினால் புளித்த தண்ணீராக வந்து நெஞ்செரிச்சல் இரவு வரை நிற்கிறது; இட்லி சாப்பிட்டு ஏறினால் அப்படியே வெளியே.

முன் சீட், கண்ணாடி இறக்கிவிடுவது, ஏசி வாசனை டப்பாவை எடுத்துவிடுவது எல்லாம் செய்தாயிற்று. ஓரளவு தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். இஞ்சி மிட்டாயும் எலுமிச்சையும் எரிச்சலைக் கிளப்பிவிடுகின்றன (எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான்). வாந்தி மாத்திரை டாம்பெரிடோன் பயன்படவில்லை; காரணம், குமட்டல் கிளம்புவது காதின் சமநிலை உறுப்பிலிருந்து, அந்த மாத்திரை பெரும்பாலும் மூளைக்குள் போவதில்லை. அவோமின் (பயண வாந்திக்கான புரோமெத்தசின் மாத்திரை) 25 மி.கி., கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு கொடுத்தால் வாந்தி நிற்கிறது. ஆனால் மறுநாள் மதியம் வரை தள்ளாட்டம், நாக்கு வறட்சி. தனியாக பாத்ரூம் போக விடவே பயம்.

டாக்டரிடம் கேட்கத்தான் போகிறோம். அதற்கு முன்: அல்சர் உள்ள பெரியவர்களுக்கு, இவ்வளவு தூக்கம் தராமல், வயிற்றையும் எரிக்காமல் மலைப்பாதையில் பலன் தந்த மாத்திரை எது, எத்தனை மணி நேரம் முன்பு கொடுத்தீர்கள்?